மறுமுனையைப் பிடித்திருப்பவர்!

கொல்லிமலைக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால் முதலில் வளைவுகளைப் பற்றித்தான் சொல்வார்கள். சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளி அடிவாரத்தில் ஒரு டீ. வாந்தி வராமல் இருக்கக் கையில் ஓர் எலுமிச்சம்பழம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை இருப்பதால், பின் சீட்டுப் பிள்ளைகள் சத்தமாக எண்ணிக்கொண்டே வருவார்கள். முப்பதைத் தாண்டும்போது சத்தம் குறையும். ஐம்பதில் யாராவது ஒருவர் வண்டியை ஓரம் கட்டச் சொல்வார்.

அப்படித் தலைசுற்றி மேலே வந்து சேர்கிறவர்களுக்காக செம்மேட்டிலோ, அரப்பளீஸ்வரர் கோயில் பக்கமோ ஒருவர் காத்திருப்பார். தோளில் சுருட்டிய கயிறு. இடுப்புப் பட்டையில் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடும் உலோக வளையங்கள். காலில் மட்டும் சாதாரண ரப்பர் செருப்பு. மலைக்கு அழைத்துப்போகிற, பாறையில் ஏற்றி இறக்குகிற வழிகாட்டி. சுற்றுலா வந்தவர்களுக்கு அவர் 'அண்ணா' அல்லது 'ப்ரோ'. பெயர் கேட்பவர்கள் குறைவு.

அவருடைய ஒரு ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பாருங்கள். கார்த்திகை மாதம், முந்தைய இரவு நல்ல மழை. சென்னையிலிருந்து பன்னிரண்டு பேர் வருகிறார்கள். எல்லோரும் ஒரே அலுவலகம். காலையில் ஒரு நடை, பிறகு பாறையிலிருந்து கயிற்றில் இறங்கும் ராப்பெல்லிங், மதியம் ஆகாய கங்கையில் குளியல், சாயங்காலம் கீழே இறங்கினால் இரவு பஸ். ஒரு மாதத்துக்கு முன்பே பேசி முன்பணமும் வந்துவிட்டது.

அவர்கள் விடுதியில் தூங்கிக்கொண்டிருக்கும் ஐந்து மணிக்கே வழிகாட்டி பாறைக்குப் போய்விடுவார். ஒரு காபித் தோட்டத்தின் ஓரத்தில், தோட்டக்காரரிடம் சொல்லி வைத்திருக்கும் பாறை அது. டார்ச் அடித்துப் பார்ப்பது அப்புறம்தான். முதலில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்.

கொல்லிமலையின் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற வகை. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் இருப்பதும் இதே இனம்தான். கல்கத்தாவில் இறந்துபோன ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வியாபாரியின் கல்லறைக்கு இந்தக் கல்லைத்தான் வைத்திருந்தார்கள். 1893-ல் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அந்தக் கல்லறையை ஆராய்ந்து, அவர் பெயரையே கல்லுக்கும் வைத்துவிட்டார். மலைக்காரர்களுக்கு இந்தக் கதை தேவையில்லை. வெயிலில் காய்ந்திருந்தால் செருப்புக்காலையும் பிடித்துக்கொள்ளும் கல், நனைந்து பாசி பிடித்தால் பெற்ற தாயையும் வழுக்கி விடும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும்.

அன்று பாறை ஈரம். மேலே இருக்கும் மண்ணிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கிறது. வெயில் வந்தாலும் மதியத்துக்குள் காயாது. கயிறு கட்டும் மரத்தைச் சுற்றி மண் இளகியிருக்கிறது. வழிகாட்டி கைகளைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார். அன்றைய கூலியில் பாதி அந்த இடத்திலேயே போய்விட்டது.

இனிமேல்தான் கஷ்டமான வேலை. பன்னிரண்டு பேரிடம் 'இன்னிக்கு வேண்டாங்க' என்று சொல்ல வேண்டும்.

"என்ன ப்ரோ, இதுக்காகத்தானே இவ்ளோ தூரம் வந்தோம்?"

"போன வாரம் ஒரு ரீல்ஸ்ல பார்த்தேன். இதே பாறைதான். தண்ணியிலேயே இறங்குறாங்க."

"எக்ஸ்ட்ரா வேணும்னா சொல்லுங்கண்ணா, தர்றோம்."

இந்த மூன்றாவது வாக்கியம்தான் ஆபத்து. மகளுக்குப் பள்ளிக்கட்டணம் கட்ட வேண்டிய மாதமாக இருந்தால் இன்னும் ஆபத்து. அவர் பாறையைப் பார்க்கிறார், அவர்களைப் பார்க்கிறார். "பாறை எங்கேயும் போயிடாதுங்க. தை மாசம் வாங்க, நானே இறக்கி விடறேன். இன்னிக்கு நடந்து போய்ட்டு வரலாம்" என்கிறார். இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் அவர்களில் ஒருவர் செல்போனில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகவும் கூடும்.

பாறை ஏறுவதைத் தொழிலாகக் கொண்டவர் என்றதும் நமக்குத் தோன்றும் படம் வேறு. அந்தரத்தில் விரல் நுனியில் தொங்கிக்கொண்டு, கீழே குனிந்து சிரிக்கும் ஓர் ஆள். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் அலெக்ஸ் ஹானால்ட் 2017 ஜூன் 3-ம் தேதி, யோசெமிட்டியில் எல் கேபிடன் என்ற சுமார் 3,000 அடிப் பாறைச் சுவரைக் கயிறே இல்லாமல் நான்கு மணி நேரத்துக்குள் ஏறி முடித்தார். அந்த ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது. நம் பக்கத்திலேயே ஒருவர் உண்டு. கர்நாடகத்தின் சித்ரதுர்கா கோட்டைச் சுவர்களில் கயிறில்லாமல் ஏறும் ஜோதிராஜ். அங்கே அவரை 'கோத்தி ராஜ்' என்கிறார்கள். கன்னடத்தில் கோத்தி என்றால் குரங்கு. பிறந்தது நம் தேனி மாவட்டத்தில். சின்ன வயதிலேயே வீட்டைப் பிரிந்து, கர்நாடகத்தில் கூலி வேலை பார்த்தவர். வாழ்க்கை வெறுத்துப்போய் ஒருநாள் அந்தப் பாறையில் ஏறினாராம். கீழே நின்ற சுற்றுலாக்காரர்கள் வித்தை காட்டுகிறார் என்று நினைத்துக் கைதட்டினார்களாம். அந்தக் கைதட்டல்தான் தன்னைத் திருப்பி அனுப்பியது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2014-ல் அவரை வைத்துக் கன்னடத்தில் ஒரு சினிமாவும் வந்தது. விழுந்து எலும்பு முறிந்ததும் உண்டு. அருவிப் பள்ளங்களில் விழுந்தவர்களைத் தேடி இறங்கியதும் உண்டு.

இவர்களைப் பார்த்து வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் வழிகாட்டியின் தொழில் இதற்கு நேர் எதிர். கயிறில்லாமல் ஏறுகிறவர் பணயம் வைப்பது தன் உயிரை. வழிகாட்டியின் கையில் இருப்பது அடுத்தவர் உயிர். அதுவும் நேற்றுவரை முகம் தெரியாத ஒருவருடைய உயிர்.

பாறை ஏறுகிறவர்கள் இதை 'பிலே' என்பார்கள். ஒருவர் ஏறும்போது, அவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை இன்னொருவர் கையில் இருக்கும். ஏறுகிறவர் கால் தவறினால், பிடித்திருப்பவர் கயிற்றை நழுவ விடாமல் நிறுத்த வேண்டும். அதற்கென்று சின்னதாக ஓர் உலோகக் கருவி உண்டு. அது வழியாகக் கயிறு வளைந்து போகும்போது உராய்வே பாதி வேலையைச் செய்துவிடும். மீதிப் பாதி, பிடித்திருப்பவரின் வலது கை. அந்தக் கை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கயிற்றை விடக் கூடாது. கொசு கடித்தாலும், போன் அடித்தாலும், தேனீயே கொட்டினாலும்.

தேனீ என்றதும் நீலகிரிக் குறும்பர்கள் நினைவுக்கு வருகிறார்கள். செங்குத்துப் பாறையில் ஆள் உயரத்துக்குத் தொங்கும் மலைத்தேன் அடைகளை எடுக்க, கொடிகளால் திரித்த ஏணியில் இறங்குவார்கள். மேலே ஏணியைக் காவல் காப்பது யார் என்பதில்தான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. அண்ணனோ தம்பியோ அல்ல, மச்சான். மனைவியோடு பிறந்தவன். அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு இருக்கலாம். தன் அக்காவோ தங்கையோ தாலி அறுக்க எந்தச் சகோதரனும் கயிற்றை விட மாட்டான். பாறை ஏற்றத்துக்கு உலக அளவில் எத்தனையோ விதிமுறைகள் வந்துவிட்டன. இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு கச்சிதமாக ஒரு விதி வந்ததா என்பது சந்தேகம்தான்.

கொல்லிமலை வழிகாட்டிக்கு அந்த வசதி இல்லை. வருகிறவர் எல்லோருக்கும் அவரேதான் மச்சான்.

இந்த மலையில் வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்காரர்கள் என்று புதிதாக வருகிறவர்கள் தப்பாக நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை, முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு என்று மலை 14 நாடுகளாகப் பிரிந்திருக்கிறது. மிளகு, காபி, மரவள்ளி, அன்னாசி, பலா. இப்போது குறைந்துவிட்டாலும் சாமையும் கேழ்வரகும் உண்டு. இங்கே பிறந்த பையனுக்குப் பாறை ஏறுவது தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றாக இருப்பதில்லை. சில்வர் ஓக் மரத்தில் சுற்றிப் படர்ந்த மிளகுக் கொடியில், ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து ஏறி, ஒரு கையால் மிளகு பறிக்கிறவனுக்கு உயரத்தைக் கண்டு எப்படி பயம் வரும்?

ஆனால் தான் ஏறத் தெரிவது வேறு, பயந்த ஒருவரை ஏற்றி இறக்கத் தெரிவது வேறு. அதற்குத்தான் படிப்பு வேண்டியிருக்கிறது. டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் ஏறிய மறுவருடம், 1954-ல், டார்ஜிலிங்கில் இமாலயன் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. களப்பயிற்சிக்கு முதல் இயக்குநர் டென்சிங்தான். 1965-ல் உத்தரகாசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் வந்தது. அங்கெல்லாம் அடிப்படைப் படிப்பே நாலு வாரத்துக்கு நெருக்கமாக வரும். பனி மலையில் நடப்பது மட்டுமல்ல. முடிச்சு, பாறை ஏற்றம், காயப்பட்டவரைத் தூக்கி வருவது எல்லாம் அதில் அடக்கம். தெற்கே, பாறை ஏறுகிறவர்களுக்கு பாதாமிதான் பள்ளிக்கூடம். அங்கே இருப்பது செந்நிற மணற்கல், நல்ல பிடிமானம். ஹம்பியில் உருண்டைக் கருங்கற்கள். பெங்களூருக்குப் பக்கத்தில் 'ஷோலே' படம் எடுத்த ராமநகரம். கொல்லிமலையின் பெயர் இந்த வரிசையில் பெரிதாக வருவதில்லை. இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் வாழ்க்கையில் முதல் முறையாகக் கயிற்றைத் தொடுகிறவர்கள். அதனாலேயே இங்கே வேலை கடினம்.

முதல் முறை இறங்குகிறவர் செய்யும் தவறு எப்போதும் ஒன்றே. விளிம்புக்கு வந்ததும் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொள்வார். உடம்பு பாறையோடு ஒட்டினால் பாதம் வழுக்கும்; முட்டி தேயும். "சார், நாற்காலியில உட்கார்ற மாதிரி பின்னாடி சாயுங்க. கால் ரெண்டும் அகலமா. கயிறு உங்களைப் பிடிச்சுக்கும்" என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார். பின்னால் வெறும் ஆகாயம் இருக்கும்போது அதில் சாய் என்றால் எந்த உடம்பு கேட்கும்? அலுவலகத்தில் ஐம்பது பேரை மேய்க்கிற மேலாளர் அங்கே ஒரு குழந்தையைப் போலக் கையைப் பிடித்துக்கொள்வார். பாட்டி வயதில் வந்த ஒருவர் 'போனா போகுது' என்று சாய்ந்து, அத்தனை பேரையும் முந்திக்கொண்டு கீழே போய் நிற்பார். யார் எப்படி என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நீளமான கூந்தலை முடிந்து ஹெல்மெட்டுக்குள் தள்ளச் சொல்வதும், துப்பட்டாவைக் கழற்றச் சொல்வதும் அழகுக்கு அல்ல. கயிறு ஓடும் கருவிக்குள் முடியோ துணியோ சிக்கினால் பாதி வழியில் தொங்க வேண்டியதுதான். தொங்குவதும் சாதாரணமில்லை. இடுப்புப் பட்டையில் அசையாமல் தொங்கினால் காலுக்குப் போன ரத்தம் மேலே திரும்பாமல் மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் இறங்குகிறவரின் கயிறு தவிர, மேலிருந்து இன்னொரு காப்புக் கயிறும் எப்போதும் கட்டப்படுகிறது. மாட்டிக்கொண்டவரைச் சில நிமிடங்களில் இறக்கத் தெரியாதவர் அந்தத் தொழிலுக்கே வரக்கூடாது.

பொருள்களையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேரபைனர் எனப்படும் அந்த வளையத்தின் முதுகில் 22, 24 என்று ஓர் எண் பொறித்திருக்கும்; கிலோநியூட்டன் கணக்கு. எளிமையாகச் சொன்னால், உள்ளங்கை அளவு அலுமினிய வளையம் இரண்டு டன்னுக்கும் மேலான எடையைத் தாங்கும். கயிற்றில் இரண்டு சாதி. இறங்குவதற்கு அதிகம் நீளாத கயிறு. ஏறுவதற்கு நீளும் கயிறு. விழுகிறவரை விறைப்பான கயிறு வெடுக்கென்று நிறுத்தினால் இடுப்பு ஒடிந்துவிடும். நீளும் கயிறு அந்த அடியைத் தானே வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கொஞ்சம் சாகும். வெயில் பட்டாலும் சாகும். மணல் துகள் உள்ளே புகுந்து உள்ளிழைகளை அறுக்கும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் நம்பாதீர்கள் என்பார்கள் தயாரிப்பாளர்கள். புதுக் கயிறு ஒரு சுருள் வாங்குவது என்பது, வார இறுதியை மட்டும் நம்பிப் பிழைப்பவருக்கு ஒரு சீசனின் வருமானத்தில் பெரிய துண்டு.

சீசன் என்பதும் பாதி வருடம்தான். ஆடி 17, 18-ல் வல்வில் ஓரி விழா வரும். ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை வீழ்த்தியதாகப் புறநானூறு பேசுகிற அதே ஓரி. செம்மேட்டில் சிலை இருக்கிறது. அந்த நாட்களில் மலை நிரம்பும். மற்றபடி மார்கழி, தை மாதக் குளிர். மே மாத விடுமுறை. வாரத்தில் இரண்டு நாள். மீதி நாட்களில் வழிகாட்டி மிளகு பறிக்கிறார், ஜீப் ஓட்டுகிறார், சோளக்காடு சந்தையில் பலா ஏற்றுகிறார். 'மாப்பிள்ளை என்ன பண்றார்?' என்று பெண் வீட்டார் கேட்டபோது, 'விவசாயம்' என்றே வீட்டில் சொல்லியிருப்பார்கள். ஆயுள் காப்பீட்டுப் படிவத்திலோ மலையேற்றம் போன்ற ஆபத்தான காரியங்களில் ஈடுபடுகிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். மற்றவர்கள் யோசிக்காமல் 'இல்லை' போட்டுவிட்டுப் போகும் கட்டம் அது. இவர் அங்கே பேனாவை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். பாறை இல்லை என்றானதும் பன்னிரண்டு பேரும் ஆகாய கங்கைக்குப் போகலாம் என்கிறார்கள். கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிற இடம். இறங்கும்போது எல்லோரும் வீரர்கள்தான். ஏறும்போதுதான் படிகள் கணக்குக் கேட்கும். மேலே வந்ததும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடிக்கலாம், முட்டி வலிக்கு நல்லது என்று விற்கிறார்கள். வலி போகிறதோ இல்லையோ, மிளகுக் காரத்தில் களைப்பு போய்விடும்.

பலத்த மழை என்றால் அருவியில் குளிக்க நிர்வாகமே தடை போட்டுவிடும். தடை இல்லாத நாளில்தான் வழிகாட்டிக்குக் கண் நாலாக வேண்டும். அருவிக்கு மேலே எங்கோ மலைக்குள் பெய்த மழை, இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது வந்து சேரும். நிறம்தான் முதலில் மாறும். தெளிந்த தண்ணீர் கலங்கல் தட்டும். இலையும் சுள்ளியும் மிதந்து வரும். பிறகு சத்தம் மாறும். அந்தச் சத்தத்தை வார்த்தையில் விளக்கச் சொன்னால் மலைக்காரர்களுக்கே தெரியாது. "சத்தம் கனமாயிடுங்க" என்பார்கள். அதற்குப் பிறகு கிடைப்பது சில நிமிடங்கள். செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும் ஆளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு மேலே வர வேண்டும். மரியாதை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

'வேண்டாம்' என்ற வழிகாட்டியின் சொல்லுக்கு மரியாதை இல்லாமல் போனதால் ஒரு சங்கமே பிறந்த கதை உண்டு. 1820 ஆகஸ்டில், ஆல்ப்ஸ் மலையின் மோன்ட் பிளாங்க் சிகரத்துக்கு ஹாமெல் என்ற ரஷ்ய அறிஞர் ஒரு குழுவோடு கிளம்பினார். இடையில் வானிலை மோசமானது. புதுப்பனி. சாமோனி கிராமத்து வழிகாட்டிகள் தயங்கினார்கள். அறிஞர் போகவே வேண்டும் என்றார். பனிச்சரிவில் மூன்று வழிகாட்டிகள் பிளவுக்குள் போய்ப் புதைந்தார்கள். மறு வருடமே, 1821-ல், சாமோனி வழிகாட்டிகள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். உலகின் பழைய வழிகாட்டிகள் சங்கம் அதுதான், இன்றும் இருக்கிறது. புதைந்த மூவரின் எச்சங்கள் சுமார் நாற்பது வருடங்கள் கழித்து, பனியாறு மெல்ல நகர்ந்து நகர்ந்து, அடிவாரத்தில் வந்து வெளிப்பட்டன. ஊரில் அவர்களோடு நடந்த கிழவர்கள் அப்போது உயிரோடு இருந்தார்கள்.

நமக்கு அவ்வளவு பின்னால் போக வேண்டியதில்லை. 2018 மார்ச் 11. தேனி மாவட்டம், குரங்கணி. மலையேற்றம் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். மார்ச் மாதத்துக் காய்ந்த புல், சரிவில் மேல் நோக்கி ஓடும் தீ, எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாத தவிப்பு. அந்த வருடமே தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போவது ஏற்கெனவே குற்றம்தான். 1882-ம் வருடத்து வனச்சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. அந்தந்த மலையில் வாழும் இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக அனுப்புகிறார்கள். தீப் பருவத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். இதில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, 'இன்று போக முடியாது' என்று சொல்லும் பொறுப்பைத் துறையும் ஏற்றுக்கொண்டிருப்பதுதான். தனியாகப் பிழைப்பவருக்கு அந்தப் பக்கபலம் கிடையாது. அவர் சொல்லும் 'வேண்டாம்' அவர் சட்டைப்பையிலிருந்தே போகிறது.

அவர் பெயர் எங்கும் வருவதும் இல்லை. 2023 மே மாதம் எவரெஸ்ட் ஏறிய முதல் தமிழ்நாட்டுப் பெண் முத்தமிழ்ச்செல்வி என்று நமக்குத் தெரியும், தெரிய வேண்டியதுதான். உச்சிக்குப் போகிறவர்கள் செய்தி ஆவார்கள். அழைத்துப் போகிறவர்கள் படம் எடுத்துக் கொடுப்பார்கள். உலகத்தில் மிகவும் புகழ்பெற்ற மலையுச்சிப் படத்தில் மட்டும் இது தலைகீழாகிவிட்டது. எவரெஸ்ட் மேலே கொடி பிடித்து நிற்பவர் டென்சிங். கேமரா பிடித்தவர் ஹிலாரி. கொல்லிமலை வழிகாட்டியின் போனில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். பாறை விளிம்பில், சீக்குப்பாறை காட்சிமுனையில், அருவிப் படியில் யார் யாரோ சிரித்துக்கொண்டு நிற்பார்கள். 'அனுப்பிடுங்கண்ணா' என்று சொல்லிவிட்டுப் போனவர்கள். அவர் மட்டும் எதிலும் இருக்க மாட்டார். மிஞ்சிப்போனால் பாறையில் விழுந்த நிழல்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு மறுபடியும் மழை பிடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பேரும் சூப் கடையின் தகரக் கூரைக்குள் ஒண்டிக்கொள்கிறார்கள். காலில் ஏறிய அட்டைகளை எடுக்க ஒருவர் உப்பு கேட்கிறார், இன்னொருவர் அலறுகிறார். காலையில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர், எதிரே மழையில் மறைந்து கிடக்கும் மலையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். "இப்ப நாம பாறையில இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்ணா?" என்கிறார். வழிகாட்டி பதில் சொல்லவில்லை. "இன்னொரு சூப் சாப்பிடுங்க சார்" என்கிறார்.

சாயங்காலம் வண்டி கிளம்பிய பிறகு வீட்டுத் திண்ணையில் இன்னொரு வேலை பாக்கி. அன்று பாறையில் இறங்கவே இல்லை. ஆனாலும் ஈரத்தில் சுமந்த கயிறு. சுருளைப் பிரித்து, அடி அடியாக விரல்களுக்கு இடையே ஓட விட்டுப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். ஒரு முனையை அவர் பிடித்திருக்க, அடுப்பு வேலையை முடித்துவிட்டு வந்த மனைவி மறுமுனையிலிருந்து தடவிக்கொண்டே வருகிறார். மகள் நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

"ஏங்க, இந்த இடம் கொஞ்சம் மெத்துனு இருக்குதுங்க."

அவர் எழுந்து வந்து அந்த இடத்தை மடித்துப் பார்க்கிறார். நல்ல கயிறு உருண்டையாக வளையும். இது கிள்ளினாற்போல் மடிந்து ஒட்டிக்கொள்கிறது. உள்ளே இழை போயிருக்கிறது. இன்னும் இரண்டு வருடம் வரும் என்று நினைத்திருந்த கயிறு. முனையிலிருந்து அளந்து பார்க்கிறார். வெட்டினால் மீதி பாறையின் அடிவரை எட்டாது.

அரிவாள்மனையை மகளே எடுத்து வந்து கொடுக்கிறாள். மறுநாள் காலையில் அதில் ஒரு துண்டு துணி காயப் போடும் கொடியாகிவிட்டது. இன்னொரு துண்டைக் கட்டி, பின்பக்கத்து மரத்திலிருந்து பெரிய பலாப்பழம் ஒன்றை நோகாமல் இறக்கினார்கள்.